கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த படங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்குக் கல்யாணப் பேச்சு சூடு பிடிக்கும் காலம் நாட்காட்டி பார்க்காமலே தெரிந்துவிடும். தை பிறந்தால் தாய்மார் மகள்மாரை அழைத்துக்கொண்டு வருவார்கள். கேட்பது இரண்டில் ஒன்று. கொன்டாக்ட் லென்ஸ் வேண்டும். அது ஒத்துவராவிட்டால், போட்டிருப்பதே தெரியாத பிரேம் வேண்டும். சாதகத்தோடு அனுப்பும் படத்தில் பிள்ளை கண்ணாடி இல்லாமல்தான் நிற்பாள். அந்த நேரத்தில் படம் எடுத்தவரின் முகம்கூட அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால் மட்டும் அது படிப்பின் அடையாளம். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்படி மறைப்பதற்கே பழகிப்போன கடையின் பின்னறையில் நாங்கள் கையால் பிரேம் செய்யத் தொடங்கியதற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, டொலர். 2022இல் அது 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, வெளிநாட்டு பிரேம்களில் நல்லதாக ஒன்றைத் தொட முடியவில்லை. பிரேமாக வாங்காமல் தகடாக வாங்கி நாமே வெட்டினால் கட்டுப்படியாகுமா என்று முதலாளி கணக்குப் பார்த்தார். அதே காலத்தில் பவுண் விலையும் ஏறி, செட்டியார் தெருவில் நகை வேலை குறைந்திருந்தது. அங்கிருந்து ஒருவர் தன் அரங்களையும் கம்பி வாளையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நாங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். வேலை எப்படி என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “எல்லாம் ஒன்றுதான் தம்பி. இங்கே அராவிய தூளைக் கூட்டிச் சேர்த்துவைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.”

நாங்கள் வாங்கியது அசிட்டேட் தகடு. அசிட்டேட் என்றால் பிளாஸ்டிக்தானே என்று கடைக்கு வருபவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பருத்தி நாரிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுக்கும் செலுலோசில் பிறப்பது அது. இத்தாலியில் காஸ்திலியோனே ஒலோனா என்ற ஊரில் 1849இல் தொடங்கிய மத்சுக்கெல்லி நிறுவனம் இன்றும் இந்தத் தகடுகளுக்குப் பெயர்போனது. இதில் நிறம் மேற்பூச்சு அல்ல. தகட்டின் உள்ளே ஊறி நிற்கும். இரண்டு மூன்று நிறப் படைகளை ஒட்டிய தகடென்றால், சரிவாக அராவும் இடத்தில் அடியிலுள்ள நிறம் மெல்ல வெளியே வரும். எவ்வளவு சரிவு, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அரம் பிடித்தவரின் முடிவு. அச்சில் வார்த்த பிரேமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் எத்தனை விளக்கினாலும் ஏறாது. ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தால் போதும்.

அண்ணை மூக்குப் பக்கத்து விளிம்பை அராவும்போது கண்ணைவிட நகத்தைத்தான் நம்புவார். பெருவிரல் நகத்தை விளிம்போடு இழுப்பார். எங்கே தட்டுகிறதோ அங்கே மறுபடியும் அரம். மெருகேற்றும் சக்கரத்துக்குப் போகுமுன் ஒரு கீறல் மிஞ்சியிருந்தால், பளபளப்பு ஏறிய பின் அதுவே முதலில் கண்ணில் படும். பெரிய தொழிற்சாலைகளில் மரத்துண்டுகளும் நுரைக்கல் தூளும் போட்ட பீப்பாய்களில் பிரேம்களை நாட்கணக்கில் உருட்டி மெருகேற்றுகிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு துணிச் சக்கரமும் அண்ணையின் பொறுமையும்.

முகத்தில் போடும் கண்ணாடியைச் சிற்பம் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. 1930களில் நியூயோர்க்கில், ஓரங்கள் மேல்நோக்கி எழும் பிரேமை உருவாக்கிய அல்டினா ஷினாசி கலை பயின்றவர். பின்னாளில் சிற்பங்கள் செய்தவர். பெண்களுக்கென்று கடைகளில் கிடந்த சோபையற்ற கண்ணாடிகள் பிடிக்காமல், வெனிஸ் நகரத்து முகமூடிகளை மனத்தில் வைத்து அதை வரைந்தார். கலைப் பொருட்கள் சேகரித்த பெகி குகன்ஹைம் போட்டிருந்த, சிறகு விரித்தது போன்ற கண்ணாடியை வடிவமைத்த எட்வேர்ட் மெல்கார்த்தும் ஓவியரும் சிற்பியுமே. கண்ணாடி போட்டிருப்பதை மறைக்க முடியாது, ஆகவே நன்றாகவே தெரியட்டும் என்று முடிவு செய்தவர்கள் இவர்கள்.

நம் தீவுக்கும் இதில் ஒரு பழைய பங்கு உண்டு. புள்ளியும் தேன் நிறமும் கலந்த தகட்டைக் காட்டினால், “இது உண்மையான ஆமையோடா?” என்று வயதானவர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் சீப்பும் பெட்டியும் செய்வதற்குக் காலி பேர்பெற்ற ஊர். தென்பகுதிச் சிங்கள ஆண்கள் தலையில் வளைந்த ஆமையோட்டுச் சீப்புடன் நிற்கும் 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் நிறைய உண்டு. இன்று அழுங்காமை ஓட்டின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருக்கிறது; இங்கும் கடலாமைகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மிஞ்சியது அந்த நிறக்கலவை மட்டும், அசிட்டேட்டில். பிரான்சில் ஒயோனா என்ற ஊரும் சீப்புச் செய்து பிழைத்து, பிறகு கண்ணாடி பிரேமுக்கு மாறிய ஊர். தலைக்குச் செய்த கை முகத்துக்கும் செய்யும் போலிருக்கிறது.

அண்ணை செய்து முடித்த பிரேம் என் மேசைக்கு வரும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். மேசைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால் நான்கு முனைகளும் தொட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆனால் முகம் மேசை அல்ல. பெரும்பாலானவர்களுக்கு ஒரு காது மற்றதைவிடச் சற்று மேலே இருக்கிறது; ஒரு புருவம் இறங்கியிருக்கிறது. மேசையில் நேராக நிற்கும் பிரேம் முகத்தில் சாய்ந்துவிடும். ஆகவே காதில் மாட்டும் பிரேம் கையைச் சுடுகாற்றில் இளக்கி, வேண்டுமென்றே கோணலாக்குவேன். கோணலாக்கினால்தான் நேராகத் தெரியும். மெல்லிய கம்பி பிரேமில் இந்தக் கோணலை யாரும் கவனிக்க மாட்டார்கள். தடித்த, கோணங்கள் உள்ள பிரேமில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முகமே ஒருபக்கம் இழுத்ததுபோல் ஆகிவிடும்.

அடுத்தது மூக்கு. ஐரோப்பிய அளவில் வெட்டிய பிரேம் உயர்ந்த மூக்குத்தண்டை நம்பியிருக்கிறது. நம்மில் பலருக்கு அது கன்னத்தில் உட்கார்ந்துவிடும். சிரித்தால் கண்ணாடியும் சேர்ந்து எழும். கொழும்பு வியர்வையில் கேட்கவே வேண்டாம், சறுக்கிக்கொண்டே இருக்கும். அண்ணை அதே தகட்டில் சின்னத் துண்டுகள் வெட்டி, அசிட்டோன் தொட்டு மூக்குப் பக்கத்தில் பொருத்துவார். அசிட்டோன் மேற்பரப்பைக் கரைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும். காய்ந்த பின் அந்த மூக்குக்கேற்ப அராவுவார். கையால் செய்வதற்கு இவ்வளவு காசா என்று கேட்பவர்களிடம் நான் பூச்சு, பெயர், மாதிரி எதையும் பேசுவதில்லை. மூக்கைத்தான் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் மகளோடு வந்தார். கிட்டப்பார்வை, மைனஸ் ஒன்பது. வாழ்நாள் முழுவதும் மெல்லிய கம்பி பிரேம்தான் போட்டிருக்கிறார். லென்ஸ் விளிம்பு தடித்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மறைக்கிறோம் என்று மெல்லியதைத் தேடுபவர்களின் அவலம் இது. பவர் கூடியவர்களுக்குக் கண்வட்டம் சின்னதாகவும் சட்டம் தடிப்பாகவும் இருந்தால்தான் விளிம்பு உள்ளே அடங்கும். எட்டு மில்லிமீட்டர் தகட்டில் அண்ணை வெட்டிய கருஞ்சிவப்பு பிரேம் ஒன்றை நீட்டினேன். மகளுக்கு முகம் சுருங்கியது. “இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் அம்மா. ஆட்கள் பார்ப்பார்கள்.” ரீச்சர் நிலைக்கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. “பள்ளிக்கூடத்தில் என் கண்ணாடியை வைத்துத்தான் எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். பெயர் எப்படியும் நிலைத்துவிட்டது. பார்க்கிறவர்கள் நல்லதாக ஒன்றைப் பார்க்கட்டும்.” அவருக்கு இடது காது கொஞ்சம் கீழே. அன்று பிற்பகல் முழுவதும் அந்த ஒரு பிரேமோடு போனது.

பெரிய பிரேம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சிலருடைய முகத்தில் பிரேம் மட்டும் வந்து நிற்கும், ஆள் பின்னால் போய்விடுவார். அவர்களை வேறு தட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன். முதலாளிக்கு அது பிடிக்காது.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் வங்கியொன்றில் வேலை செய்பவர் ஒருவர் அடர்பச்சையில் ஒன்று செய்வித்துக்கொண்டார். வார நாட்களில் விளிம்பில்லாத கண்ணாடி, பச்சை சனிக்கிழமைக்கு மட்டும். இது கோழைத்தனம் என்பது முதலாளியின் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்கு வேட்டி கட்டிப் போகாதவர் எல்லாம் வேட்டிக்கு வெட்கப்படுபவரா? அண்மையில் பிணைச்சல் தளர்ந்துவிட்டது என்று பச்சையை எடுத்து வந்தார். ஸ்குரூவை இறுக்கும்போது பார்த்தேன்: காதுக்குப் பின்னால் வளையும் இடம் வெளிறி, வெள்ளை பூத்திருந்தது. வியர்வையும் வெயிலும் தொடர்ந்து பட்டால் அசிட்டேட் அப்படி ஆகும். சனிக்கிழமை மட்டும் போடும் பிரேமில் இவ்வளவு சீக்கிரம் ஆகாது. மெருகேற்றித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு, அதையும் சொன்னேன். இப்போது வெள்ளிக்கிழமையும் போடுவதாக ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய மேலாளர் வெளிக்கிளைகளைப் பார்க்கப் போய்விடுவாராம்.