கதம்பத்தைச் சீவிய நாட்கள்

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

எங்கள் பூனை கதம்பம் நேற்று இரவு முழுவதும் சொறிந்துகொண்டே இருந்தது. பின்னங்காலால் கழுத்தைச் சொறியும்போது கால் கட்டில் சட்டத்தில் இடிக்கிறது. யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்டு இரண்டு முறை எழுந்து போனேன். மருத்துவமனையில் இருக்கும் என் மனைவியின் படுக்கையில்தான் அது கிடந்தது, போர்வையின் மேல், அவள் கால் நீட்டும் இடத்தில்.

காலையில் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பிடரி மயிரை விலக்கிப் பார்த்தேன். மிளகுத்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் பொடி. உயிருள்ளது எதுவும் கண்ணில் படவில்லை.

29 செப்டம்பர், திங்கள்

எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பார்த்தவுடன் சொல்லிவிட்டார். வெள்ளைக் காகிதத்தை நனைத்து அந்தப் பொடியை அதில் தட்டச் சொன்னார். தட்டினேன். சிறிது நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் துருநிறம் கசிந்து பரவியது. மண்ணாக இருந்தால் கசியாதாம். அது கதம்பத்தின் ரத்தம். பூச்சி குடித்துக் கழித்தது.

நான் உண்ணி என்று நினைத்திருந்தேன். உண்ணி ஒரே இடத்தைக் கடித்துத் தொங்கும், பிடுங்கி எடுக்கலாம். இது தெள்ளுப்பூச்சி. பேன் சீப்பைக் கொடுத்து, சோப்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீவச் சொன்னார் மக்சிக். வெறும் தண்ணீரில் போட்டால் மிதந்து தாவிவிடும், சோப்பு இருந்தால் மூழ்கும். சீவினேன். 17.

மாலையில் மருத்துவமனை. "கதம்பம் சாப்பிட்டதா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. சாப்பிட்டது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. இன்று நான்கு அடி நடந்தாளாம்.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்று நடக்க இருந்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் மாடிக்காரர் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார். அவருடைய நாய்க்கு வாங்கியதில் மிஞ்சிய மருந்து, ஒரு சின்னக் குப்பி. "பூனை சிறியதுதானே, பாதி ஊற்றினால் போதும்" என்றார். கத்தரிக்கோலால் நுனியை நறுக்கிவிட்டேன். கதம்பம் என் மடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டு உறையைப் படித்தபோது 'பெர்மெத்ரின்' என்று இருந்தது. அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அப்பா, அதைக் கீழே வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனையைத் தொடாதீர்கள்."

கழுவினேன். மூன்று முறை கழுவினேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. சாமி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு விலங்கு மருத்துவரிடம் போனேன். கூடைக்குள் கதம்பம் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது.

எடை 3.8 கிலோ. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். வெளுக்கவில்லை. குட்டியாக இருந்தால் இந்த அளவு கடிக்கே ரத்தம் குறைந்து படுத்துவிடும் என்றார். வாலுக்கடியில் ஒட்டியிருந்த அரிசி போன்றதைக் காட்டினார். நாடாப்புழுவின் துண்டாம். சொறியும்போதும் நக்கும்போதும் பூச்சியை விழுங்கினால் வயிற்றுக்குள் போய்விடும். அதற்கொரு மாத்திரை. பூச்சிக்குச் செலமெக்டின், நாக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கித் தோலின் மேல் விடவேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம்.

நாய் மருந்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பூனையின் ஈரலால் பெர்மெத்ரினை முறித்து வெளியேற்ற முடியாதாம். முதலில் நடுக்கம், பிறகு வலிப்பு, உயிரே போய்விடும். அதை ஊற்றிக்கொண்டு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறாராம்.

பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. பூனையின் மேல் காண்பது 100இல் 5தான். மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடுகிறது. முட்டை மயிரில் ஒட்டாது. வழுவழுப்பாக இருப்பதால் படுத்த இடத்திலெல்லாம் உதிரும்.

"வீட்டில் அதிகமாக எங்கே படுக்கிறது?" என்று கேட்டார்.

"என் மனைவியின் படுக்கையில்."

விரிப்பு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரி சூட்டில் துவைக்கச் சொன்னார். சரி என்றேன்.

2 அக்டோபர், வியாழன்

சீப்பில் 9. எல்லாம் மந்தமாக இருந்தன. துவைக்கவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

கூடத்தையும் என் அறையையும் தூசு உறிஞ்சியால் இரண்டு முறை இழுத்தேன். சோபாவின் மடிப்பு, அலமாரியின் அடி, செருப்பு வைக்கும் இடம். பையை நெகிழியில் கட்டி உடனே குப்பைக் குழாயில் போட்டேன். உள்ளே இருப்பது ஊர்ந்து திரும்பிவிடுமாம்.

அவள் அறைக்குப் போய்ப் போர்வையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். தலையணையில் கோடாலித் தைலமும் தேங்காயெண்ணெயும் கலந்த அவள் வாசனை அப்படியே இருக்கிறது. போர்வைக்குள் தைத்திருப்பது அவளுடைய அம்மாவின் சுங்குடிச் சேலை. வெந்நீர் பட்டால் சாயம் போகும்.

நாளைக்குப் பார்க்கலாம்.

5 அக்டோபர், ஞாயிறு

அக்கா தொலைபேசியில் அழைத்து, அறைக்கு நான்கு பாச்சை உருண்டை போடு, ஓடிவிடும் என்றார். மருத்துவர் கொடுத்த தாளில் அதுவும் இருக்கிறது. பாச்சை உருண்டை, டீ ட்ரீ எண்ணெய், பூண்டு, எல்லாம் பூனைக்கு நஞ்சு. அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டார்.

மகள் வேறு பக்கம். "அப்பா, கதம்பத்தை ஒரு மாதம் பூனை விடுதியில் விடுங்கள். வீடு தானாகச் சரியாகிவிடும். இப்படி இருக்கும்வரை குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது?" அவள் கேட்பதில் தவறில்லை. பேரனைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. என் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் கடி, முழங்காலுக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

ஆனால் மருத்துவரிடம் இதையும் கேட்டிருந்தேன். பூனையை அனுப்பாதீர்கள் என்றார். கூட்டுக்குள் பூச்சி முழுவதும் வளர்ந்த பிறகும் வெளியே வராமல் காத்திருக்குமாம். காலடியின் அதிர்வும் உடம்பின் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் கூட்டை உடைத்துக்கொண்டு தாவும். ஆள் இல்லாத வீட்டில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். தெளிக்கும் மருந்தும் கூட்டுக்குள் போகாது. மருந்து போட்ட பூனை வீட்டில் நடமாடினால், வெளிவரும் ஒவ்வொன்றும் அதன் மேல் ஏறிச் சாகும். கதம்பத்தை வெளியே அனுப்பினால் நோய் வீட்டிலேயே இருக்கும். மகளிடம் இதைச் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. "சரி" என்றாள். எந்தச் சரி என்று தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மனைவியின் அறை செப்டம்பர் 14 முதல் பூட்டாத குறையாகக் கிடக்கிறது. அங்கே பூனையைத் தவிர யாரும் நடக்கவில்லை.

6 அக்டோபர், திங்கள்

வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக்கொண்டு அவள் அறையில் நடந்தேன். சன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல். பத்து நிமிடத்தில் காலுறையில் 6 கறுப்புப் புள்ளிகள். ஒன்றைப் பிடித்து விரலால் நசுக்கினேன், வழுக்கித் தாவியது. பக்கவாட்டில் அமுக்கிவிட்டதுபோல் தட்டையான உடம்பு. இரண்டு நகங்களுக்கிடையில் வைத்து நெரித்தால்தான் 'டிக்' என்று உடைகிறது.

7 அக்டோபர், செவ்வாய்

துவைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டு இயந்திரத்தில் குளிர்ந்த நீர்தான். விரிப்பு, உறை, போர்வை எல்லாவற்றையும் அறையிலேயே நெகிழிப் பையில் கட்டி, கீழே காசு போட்டுத் துவைக்கும் கடைக்குத் தூக்கிப் போனேன். காலை 6 மணி, யாரும் இல்லை. தலையணை உறையை மட்டும் கடைசியாகப் போட்டேன். கண்ணாடிக்குள் சுங்குடியின் சிவப்பு நுரையோடு சுற்றியது. முதலில் இளஞ்சிவப்பு, பிறகு வெற்றிலைச் சாறு போல.

உலர்த்திய பிறகும் வீட்டுக்குக் கொண்டுவந்து மூங்கில் கழியில் போட்டு வெளியே நீட்டினேன். பதினோரு மணிக்கு மழை. ஓடிப்போய் இழுத்தேன். போர்வையின் வெள்ளை ஓரமெல்லாம் ரோசா நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது.

மெத்தையின் தையல்களைத் தூசு உறிஞ்சியால் இழுத்தபோது, கட்டிலுக்கடியில் சுவரோரம் அந்தப் புழுக்களைப் பார்த்தேன். வெள்ளையாக, கண்ணிமை முடியளவு. விளக்கைக் காட்டியதும் நெளிந்து இருட்டுக்குள் போயின. பூச்சியின் எச்சத்தைத் தின்றுதான் வளர்கின்றனவாம். கதம்பத்தின் ரத்தத்தில் பிள்ளைகளையும் வளர்க்கிறது அது.

9 அக்டோபர், வியாழன்

இரவில் தரையில் சோப்புத் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே மேசை விளக்கு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாவி விழுகின்றன. காலையில் எண்ணினேன், 14.

அவள் இன்று நடக்கவில்லை. காய்ச்சல்.

10 அக்டோபர், வெள்ளி

தட்டில் 12. காய்ச்சல் 38.4.

11 அக்டோபர், சனி

எண்ணவில்லை.

13 அக்டோபர், திங்கள்

காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள்.

மருத்துவமனைக்குப் போகுமுன் குளித்து, மாடிப்படியில் வைத்திருக்கும் வேறு சட்டை, கால்சட்டையை உதறி மாற்றிக்கொண்டு போகிறேன். தெள்ளுப்பூச்சி பூனையைவிட்டு மனிதர்மேல் தங்காது என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் ஒன்று மடிப்பில் இருந்துவிட்டால்? பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன ஆவார்? அதனால் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு வாரமாக அப்படித்தான்.

இன்று கேட்டுவிட்டாள். "ஏன் அவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? என் மேல் நாற்றம் அடிக்கிறதா?"

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சி, நாடாப்புழு, நாய் மருந்து, போர்வை. கோபப்படுவாள் என்று நினைத்தேன். "என் அம்மா சேலையின் சாயம் 1983இலேயே பாதி போயிற்று. மிச்சம் இருந்ததே எனக்குத் தெரியாது" என்று சிரித்தாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகிறது. பிறகு, "வலக்காதுக்குப் பின்னால் சீவினீர்களா? அங்கேதான் அது தொடவிடாது" என்றாள்.

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன்.

14 அக்டோபர், செவ்வாய்

வலக்காதுக்குப் பின்னால் 4.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடித்து, மக்சிக் கொடுத்த பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்திருந்தார்கள். பேரன் அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

தேக்காவில், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், விளக்கு அலங்காரம் எப்படி என்று மனைவி கேட்டாள். நான் போகவில்லை. பூக்கடையில் ஒரு முழம் கதம்பம் வாங்கி வந்து காட்டியிருக்கலாம். மரு, மல்லி, கனகாம்பரம் கலந்து கட்டுவதைப் பார்த்துத்தானே குட்டிக்கு அந்தப் பெயரை வைத்தாள். மூன்று நிறக் குட்டி, வற்றல் குழம்பு வைத்த நாளில் வாசலுக்கு வந்தது. அப்போது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்கத் தடை. கதவு மணி அடித்தால் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். 2024 செப்டம்பர் 1இல் தடை நீங்கியபோது, வீட்டுக்கு இரண்டு பூனை வரை உரிமம் உண்டு என்று செய்தித்தாளை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். இன்னும் அங்கே இருக்கிறது. உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை நேரம் இருக்கிறது. பூனைக்கு அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். அவள் வந்த பிறகு அவள் கையால்தான் எடுக்க வேண்டும்.

24 அக்டோபர், வெள்ளி

தட்டு 3. சீப்பு 0. அவள் 11 அடி.

26 அக்டோபர், ஞாயிறு

தட்டு 8! ஏன்? நேற்று இரண்டு, இன்று எட்டு. தூசு உறிஞ்சியை எடுத்துப் பகல் முழுவதும் கட்டிலை நகர்த்தி நகர்த்தி இழுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: மருந்து போடுமுன் இட்ட முட்டைகளின் கடைசிப் பூச்சிகள் இவை, இங்கே எப்போதும் வெப்பமும் ஈரமும் இருப்பதால் அவற்றுக்கு ஓய்வுக் காலமே கிடையாது, வந்துகொண்டிருப்பது நல்லதுதான், வரவேண்டியவை வந்து தீரட்டும். மன்னிப்புக் கேட்டேன்.

1 நவம்பர், சனி

இரண்டாம் மருந்து. கதம்பம் அசையாமல் நின்றது. பிடரியில் வெள்ளைத் தோல் தெரிந்தது. கறுப்புப் பொடி இல்லை.

2 நவம்பர், ஞாயிறு

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லாமல் வந்தாள். பேரனைக் கீழே விடவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். கதம்பம் அவன் தொங்கவிட்ட காலை முகர்ந்துவிட்டுப் போயிற்று. போகும்போது படிக்கட்டில் நின்று அவன் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

5 நவம்பர், புதன்

தட்டு 0.

6 நவம்பர், வியாழன்

0. வெள்ளிக்கிழமை மதியம் அனுப்புகிறார்கள். நடைவண்டி, கழிப்பறை நாற்காலி, மாத்திரைப் பட்டியல். கட்டிலில் ரோசா திட்டுப் போர்வையை விரித்துவிட்டேன். அவள் அறையில் மறுபடியும் காலுறையோடு நடந்தேன். சன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து சன்னல், ஐம்பது முறை.

7 நவம்பர், வெள்ளி, காலை 5.20

தட்டில் 1. கதம்பம் போர்வை மேல் ஏறிவிட்டது. வண்டி 12 மணிக்கு. முதலில் சீவவேண்டும், வலக்காதிலிருந்து.