வகுப்பறையில் விமான நிறுவனம் நடத்திய கதை

விமான நிறுவன மேலாண்மைப் பாடத்தை இந்தப் பருவம் முழுக்க பிசினஸ் சிமுலேஷன், அதாவது மாணவர்கள் நிறுவனம் நடத்திப் பார்க்கும் மென்பொருள் விளையாட்டு, வைத்தே நடத்திப் பார்த்தேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். மென்பொருளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, வகுப்பில் நடந்ததுதான் விஷயம்.

ஏற்பாடு எளிது. நான்கைந்து பேர் ஒரு குழு, ஒவ்வொரு குழுவும் ஒரு விமான நிறுவனம், எல்லோருக்கும் ஒரே முதலீடு, ஒரே சந்தை. ஒரு சுற்று என்றால் ஒரு காலாண்டு. எந்த விமானத்தைக் குத்தகைக்கு எடுப்பது, எந்த வழித்தடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, டிக்கெட் என்ன விலை, பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு, எரிபொருளுக்கு முன்கூட்டியே விலை பேசி வைப்பதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் முடிவு செய்து உள்ளிட வேண்டும். எல்லாக் குழுக்களின் முடிவுகளையும் மோதவிட்டு மென்பொருள் கணக்கைத் துப்பும்.

மதிப்பெண்ணில் பெரும்பங்கை லாபத்துக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்: என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். மதிப்பெண் அதற்குத்தான். கடைசிச் சுற்று எது என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சுற்றில் பராமரிப்பையும் பயிற்சியையும் பூஜ்யமாக்கி லாபத்தை ஏற்றிவிடுவார்கள், நாளைக்கு என்று ஒன்று இல்லாதவனுக்கு எஞ்சின் பழுதானால் என்ன!

எதிர்பார்த்தபடியே முதல் சுற்றில் எல்லோரும் கூட்டம் அதிகமுள்ள ஒரே வழித்தடத்தில் போய் விழுந்தார்கள், எல்லோரும் விலையைக் குறைத்தார்கள். ஒரு குழு லோட் ஃபேக்டர் (இருக்கைகளில் நிரம்பிய பங்கு) 90 சதவீதம் என்று கொண்டாடியது, கீழே நஷ்டக் கணக்கைப் பார்த்ததும் மென்பொருளில் கோளாறு என்றார்கள். சரி, பலகையில் போடுவோம் என்றேன். 180 இருக்கை, ஒரு பறப்புக்கு 5,00,000 செலவு. 3,000 விலையில் 162 பேர் ஏறினால் வரவு 4,86,000. அதே விமானத்தில் 4,000 விலைக்கு 135 பேர்தான் வந்தார்கள் என்றால், அதாவது 75 சதவீதம், வரவு 5,40,000. முதல் விலையில் கைக்காசு போகாமல் இருக்கவே 92.6 சதவீதம் நிரம்ப வேண்டும், இரண்டாவதில் 69.4 போதும். எந்த விரிவுரையிலும் கிடைக்காத அமைதி அன்றைக்கு வகுப்பில் கிடைத்தது, ஏனென்றால் போனது அவர்கள் 'பணம்'.

அப்புறம் அடுத்த கேள்வி தானாகவே வந்தது. கதவு மூடிய பிறகு காலி இருக்கைக்கு மதிப்பே இல்லையே, அப்படியானால் மலிவாகவாவது விற்பதில் என்ன தப்பு? 1972-இல் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் சொன்ன விதியை அங்கேதான் எடுத்தேன். மலிவு விலை 3,000, கடைசி நேர விலை 6,000 என்றால், அந்த இருக்கையை 6,000 கொடுத்து வாங்க ஆள் வரும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் பிடித்து வை, இல்லையென்றால் இப்போதே விற்றுவிடு. முதல் வாரத்தில் இதைச் சொல்லியிருந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

விமான ரகத்தில் இன்னொரு வேடிக்கை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று ரகம் வாங்கிய குழு, விமானிப் பயிற்சியும் உதிரிபாகமும் மூன்று மடங்காக வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் ஏன் போயிங் 737 ரகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டது.

ஆனால் மாணவர்களை அதிகம் படுத்தியது தாமதம்தான். இன்று ஆர்டர் செய்த விமானம் சில சுற்றுகள் கழித்து வருகிறது, அதற்குள் தேவை இறங்கியிருக்கும். வேகமாக வளர்ந்த குழுவில் பயிற்சி பெறாத ஊழியர்கள் குவிய, சேவைத் தரம் சரிய, பயணிகள் பக்கத்து நிறுவனத்துக்குத் தாவினார்கள். இது அப்படியே அமெரிக்காவின் பீப்பிள் எக்ஸ்பிரஸ் விமான நிறுவனத்தின் கதை. 1981-இல் பறக்கத் தொடங்கி, மலிவு விலையில் அசுர வேகத்தில் வளர்ந்து, 1987-இல் கான்டினென்டல் என்ற இன்னொரு விமான நிறுவனத்தோடு கரைந்துபோனது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் அந்த நிறுவனத்தை வைத்தே ஒரு சிமுலேட்டர் செய்து மேலாண்மை மாணவர்களிடம் கொடுத்தார். அந்தக் கதையை முதலிலேயே சொல்லக் கூடாது, குழுக்கள் அடிபட்ட பிறகு சொல்ல வேண்டும்.

எரிபொருள் விலையை நடுவில் ஏற்றினேன். முன்பே விலை பேசி வைத்த குழு சிரித்தது. அடுத்த சுற்றில் பயந்து போய் உச்சி விலைக்கு ஒப்பந்தம் போட்ட குழு, விலை இறங்கியதும் அதே ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டது.

மென்பொருளுக்கு எல்லைகள் உண்டு. விமானிகளின் பணி நேர வரம்பு, வானிலை, விமான நிலையத்தில் இடம் கிடைக்காத தலைவலி எதுவும் அதில் இல்லை. அதையெல்லாம் சுற்றுகளுக்கு இடையே நடக்கும் உரையாடலில்தான் சேர்க்க வேண்டும், அதனால் உள்ளீட்டுக்குக் கொடுக்கும் நேரத்தைவிட உரையாடலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கடைசி இடத்தில் இருந்த குழு ஒருநாள் வந்து, சும்மா நிற்கும் இரண்டு விமானங்களைப் போட்டிக் குழுவுக்கே விமானி, பராமரிப்பு, காப்பீட்டோடு வாடகைக்கு விடலாமா என்று கேட்டது. நிஜத்தில் இதுதான் வெட் லீஸ், அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. மென்பொருளில் அதற்கு வழியில்லை. இரு குழுவையும் உட்கார வைத்து, காகிதத்தில் ஒப்பந்தம் எழுதச் சொல்லி, பணத்தை நானே இரு கணக்கிலும் மாற்றிப் போட்டேன். வாடகையை மணிக்கணக்கில் பேசுவதா மாதக்கணக்கில் பேசுவதா என்று அவர்கள் சண்டை போட்டதில் அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள்.