தண்டையார்பேட்டையிலிருந்து ஜவ்வாது மலைக்கு

டிசம்பர் 20, 2025, சனி

ஏலகிரி வேண்டாம், சைக்கிளில் ஜவ்வாது போகலாம் என்று தம்பி இன்று ஒருவழியாக ஒத்துக்கொண்டான். ஏலகிரிப் பாதை அழகுதான், மறுக்கவில்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் லீவு நாளில் மேலே வரைக்கும் கார் வரிசை. பின்னால் ஒரு கார் உறுமிக்கொண்டே வர, ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி ஏறுவதில் எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது ஒரு மலை ஊருக்கும் இன்னொரு மலை ஊருக்கும் நடுவில் போகிற சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ரேஷன் அரிசியும் ஒன்றிரண்டு பஸ்ஸும் மட்டும் போகிற சாலை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் தினமும் ஓட்டுவது எண்ணூர் சாலையில். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வலது தோளுக்குப் பக்கத்தில் இரும்புச் சுவர் மாதிரி நகரும். அங்கே காதுக்கு வேலையே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சல், எது கிட்டே வருகிறது என்று பிரித்துக் கேட்க முடியாது. கண்ணை மட்டும் நம்பி ஓட்டிப் பழகிவிட்டோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

வடசென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். விடியற்காலையில் பேசின் பிரிட்ஜ் பாலம், அப்புறம் பெரம்பூர் மேம்பாலம், ஏறி இறங்கி மறுபடி ஏறினோம். மூச்சு வாங்குவதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது. மலையில் முடியாது. அதனால் வேகமாக ஏறிப் பழகுவதை விட்டுவிட்டு, ஒரே சீராக, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தைப் பிடிக்கப் பார்த்தோம். மலைக்கு அந்த வேகம்தான் உதவும்.

வியாசர்பாடிக் கடை அண்ணன் என் சைக்கிளின் பின்பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லு மலைக்குப் பத்தாதும்மா. 34 போட்டுக்க" என்றார். முன்னால் 28 பல், பின்னால் 34. இப்போது பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 1.7 மீட்டர்தான் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். நம் தெருவில் கேன் தண்ணீர் போடுகிற சாதாரண சைக்கிளில் 44க்கு 18 பல் இருக்கும். அதில் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும், தட்டையான ரோட்டுக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு செங்குத்தில் ஏறினால் முட்டி போய்விடும். மலைக்கு ஆசைப்படுகிறவர்கள் டிரெஸ், கண்ணாடி, ஹேண்டில்பார் எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் பின்பல்.

ஜனவரி 9, வெள்ளி

சென்ட்ரலில் சைக்கிள்களைப் பார்சலில் போட்டுவிட்டு சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ். அம்மா கட்டிக் கொடுத்த புளிசோறு அரக்கோணம் தாண்டுவதற்குள் காலி. ராத்திரி ஜோலார்பேட்டை.

ஜனவரி 10, சனி

ஆலங்காயம் வரைக்கும் பெரிதாக ஏற்றம் இல்லை. டீக்கடையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். இட்லிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ. அதை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய 90 கலோரி, அதாவது இரண்டு இட்லி. மலையில் பசி திடீரென்று வந்து காலைப் பிடிக்கும் என்பதால் பசிக்கும் முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

அதற்கு மேல் காடு. முதல் வளைவு திரும்பியதும் கீழே இருந்த மோட்டார் சத்தம் அறுந்துபோனது. கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை போலிருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. என் செயின், தம்பியின் மட்கார்டு ஆட்டம், காய்ந்த இலைமேல் ஏதோ ஓடுகிற சத்தம். எங்கோ மேலே ஒரு பஸ் ஹாரன். அந்த ஹாரனை வைத்தே பஸ் எத்தனை வளைவு தள்ளி இருக்கிறது என்று தம்பி சொல்ல ஆரம்பித்தான். பஸ் வரும்போது நாங்கள் இடப்பக்கம் தயாராக இருந்தோம். மலைச்சாலையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. டிரைவர் வேகத்தைக் குறைத்து, கையை ஆட்டிவிட்டு இறங்கினார். சைக்கிளையும் அவர் வண்டியாக நினைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்தச் சாலையில்தான் காவலூர் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான். வானியலாளர் பாப்பு 1960களின் கடைசியில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பெரிய ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டும், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும் என்பதும். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கான தடயம் பதிவான இடங்களில் இதுவும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் தெரிந்ததும் தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

ராத்திரி ஜமுனாமரத்தூரில் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது. அறைக்கு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், பாப்பு ஏன் இங்கே வந்தார் என்பது புரிகிறது. தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தெரியாது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று மூட்டையை அறையில் வைத்துவிட்டு ஊர் ஊராகச் சுற்றினோம். இந்த மலை சமவெளி மாதிரி விரிந்து கிடப்பதில்லை, தட்டு தட்டாக இருக்கிறது. ஒரு ஊர் மேட்டில், அடுத்தது பள்ளத்துக்கு அந்தப் பக்க மேட்டில். கூப்பிட்டால் கேட்கும் போலிருக்கும். ஆனால் சைக்கிளில் முதலில் ஓடைப் பள்ளம் வரை இறங்க வேண்டும், அப்புறம் இறங்கியதை எல்லாம் திருப்பி ஏற வேண்டும். நேற்றைய நீளமான ஏற்றத்தைவிட இந்தச் சின்னச் சின்ன ஏற்றங்கள்தான் காலை வாங்கின. எனக்குப் பிடித்ததும் இவைதான். ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், யாராவது ஒரு ஆள்.

ஒரு ஊரில் வீட்டுக்கு முன்னால் களத்தில் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. "எந்த ஊரு கண்ணு?" மெட்ராஸ் என்றேன். "அங்கேருந்து இதுலயேவா?" ஜோலார்பேட்டையிலிருந்துதான் பாட்டி, அது வரைக்கும் ரயிலு என்றேன். "அதுவும் தூரந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். இங்கே இருக்கிற மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை), தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள் என்று சொல்லி வருகிறார்கள். பாட்டியும் அதையே சொன்னார். காஞ்சிபுரம் போயிருக்கிறீர்களா என்று தம்பி கேட்டதற்கு, எதுக்கு என்று கேட்டார்.

காரில் வந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. காரை நிறுத்த ஒரு காரணம் வேண்டும். ஏற்றத்தில் சைக்கிள் நடந்து போகிறவரின் வேகத்துக்கு வந்துவிடுவதால், யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுப் பேசலாம், நாமும் பதில் சொல்லலாம்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாலையிலேயே தானியம் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போக அரை நிமிஷம் ஆகும். சாமை மிகச் சின்ன மணி, டயர் அழுத்தினால் தாரோடு ஒட்டிவிடும், அப்புறம் பொறுக்க முடியாது. அது ஒரு குடும்பத்தின் வருஷச் சோறு.

மத்தியானம் பீமன் அருவி. ஞாயிறு என்பதால் கூட்டம். காலை நனைத்துவிட்டுத் திரும்பினோம்.

ஜனவரி 12, திங்கள்

அமிர்தி வழியாக இறக்கம். ஏற்றத்தைவிட எனக்குப் பயம் இறக்கத்தில்தான். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும், பிரேக் கட்டை தேயும், விரலும் மரத்துப்போகும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பகிர்ந்து பிடிக்க வேண்டும். நடுவில் நின்று தொட்டுப் பார்த்தோம், ரிம் சுட்டது. பத்து நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்தோம்.

காற்று காதில் அடிக்கிறபோது மற்ற சத்தம் எதுவும் கேட்காது என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. கீழேயிருந்து வருகிற வண்டி நம் காதுக்கு எட்டுகிற அளவுக்கு மெதுவாக இறங்குவது என்று வைத்துக்கொண்டோம். தம்பிக்கு வேகமாகப் போக ஆசை. "அக்கா, ரோடு காலியா இருக்கு" என்றான். "காலியா இருக்குன்னு எப்படித் தெரியும்? கேக்குதா உனக்கு?" என்றேன். அப்புறம் பின்னாலேயே வந்தான்.

கணியம்பாடியில் பெரிய ரோடு. வேலூர் தாண்டி காட்பாடி, ரயில்.

ஜனவரி 14, புதன்

போகி. விடியும்போதே தெரு முழுக்கப் புகை. டயர் கொளுத்தாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள், இந்த வருஷமும் நாற்றம் வந்தது. ஓட்டப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து செயினை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டேன். பின் பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. புதிது வாங்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண், ப்ளஸ் டூ படிப்பவள், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டாள். எவ்வளவு செலவு, எங்கே தங்கினீர்கள், பொண்ணுங்க போகலாமா. போகலாம், கூட ஒருத்தர் இருந்தால் நல்லது, இருட்டுவதற்குள் தங்குகிற ஊரைச் சேர்ந்துவிட வேண்டும் என்றேன். பரீட்சை முடிந்ததும் அவளுக்குத் திருப்பத்தூர் பக்கமிருந்து புதூர்நாடு ஏறுகிற ரோட்டைக் காட்டலாம் என்று தம்பி சொல்கிறான். அவள் சைக்கிளில் கியர் இல்லை, சீட்டும் ரொம்பத் தாழ்வு, முட்டி மடங்கியே மிதிக்கிறாள். பொங்கலுக்கு வியாசர்பாடிக் கடை மூடியிருக்கும். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.