தானே புயலைச் சேலையில் தைக்கிறேன்: இந்த முறை கோடு வெள்ளையாக வந்துவிட்டது

வந்தேவிட்டது! நீலத்துக்கு நடுவே கோடுகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன, ஓரத்தில் கொஞ்சம்கூடக் கசிவு இல்லை. இன்னும் பாதி நூலைப் பிரிக்கவே இல்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

துணியைத் தைத்து, நூலை இழுத்து மடிப்புகளை இறுக்கி, நீலச் சாயத்தில் முக்கினால் சாயம் புகாத இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். அப்படி அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் 2011 டிசம்பர் 30 காலையைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். 'தானே' என்று பெயரிட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது, எங்கள் வீடு பாகூரில். முதலில் வடக்கிலிருந்து அடித்தது, நடுவில் ஓய்ந்தது, அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், மையம் தலைக்கு மேலே மேற்கு நோக்கிப் போனால் இப்படித்தான் ஆகும். காற்றை யார் பார்த்தார்கள்? பார்த்ததெல்லாம் மரம் விழுந்த திசையைத்தான். கொல்லையில் முருங்கை தெற்கே விழுந்தது, மாமரம் வடக்கே விழுந்தது. அதனால் மேல்பாதித் தையல் ஒரு பக்கம் வளைகிறது, கீழ்பாதி எதிர்ப்பக்கம். அந்த ஓய்வுக்கு நடுவில் ஒரு புன்னைக் கொட்டையை வைத்துச் சுங்குடி முடிச்சுப் போட்டேன்.

இனி நூல் விஷயம். என் உயிரை வாங்கியது அதுதான். பருத்தி நூலில் தைத்தால் நூலே சாயத்தைக் குடித்து மடிப்புக்குள் கொண்டுபோய்விடும். தையல் மெஷின் பாலியஸ்டர் நூலோ இழுத்து இறுக்கும் நேரத்தில் பட்டென்று அறும், அதுவும் கடைசி வரிசையில். தூண்டில் நரம்பு அறாது, ஆனால் முடிச்சு வழுக்கும். கடைசியில் கைகொடுத்தது வலை பின்னுகிற முறுக்கு நைலான் நூல், கடலூர் முதுநகரில் மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கியது. மெல்லிசு ரகம் கேளுங்கள், தடித்தது ஊசித்துளையைப் பெரிதாக்கிவிடும். உலர்ந்த துணியில் ஒரு தடவை இழுத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு மறுபடி இழுக்க வேண்டும். நனைந்தால் பருத்தி உப்பிக்கொள்ளும், அப்போது மடிப்புகள் ஒன்றையொன்று நெரிக்கும். இந்த இரண்டாவது இழுப்புதான் எல்லாம். விரலில் துணி சுற்றிக்கொள்ளாவிட்டால் நைலான் தோலை அறுத்துவிடும்.

நீலச் சாயத் தாழி வழக்கமான தகரை விதை, சுண்ணாம்புத் தாழிதான். மேலே செம்பு நிற ஏடு படிந்து அடியில் தண்ணீர் மஞ்சள் பச்சையாக இருந்தபோதுதான் துணியை இறக்கினேன். அவுரி நீலக் கட்டிக்கு மட்டும் கடையை மாற்றியிருக்கிறேன். முன்பு வாங்கிய இடத்தில் கட்டியைக் கரைத்தால் அடியில் செங்கல் பொடி மாதிரி ஏதோ தங்கும், கேட்டால் 'இயற்கைச் சரக்குன்னா அப்படித்தான்' என்பார்கள். இப்போது திண்டிவனம் பக்கத்துச் சரக்கு, விலை கூடுதல்தான், குறையே இல்லை.

இறக்கி எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வரும், வெளிக்காற்று பட்டுத்தான் நீலமாகும். காற்றைப் பற்றிய துணிக்குக் காற்றே நிறம் கொடுக்கிறது என்பது கொடியில் போட்ட பிறகுதான் உறைத்தது. நான் யோசித்து வைத்ததில்லை, ஆனால் இனிமேல் யோசித்ததாகத்தான் சொல்லிக்கொள்வேன். நம்மூர் நீலத்துணி ஒரு காலத்தில் கினி என்ற பெயரில் கப்பலேறி செனகல் வரை போனது, அங்கே கோந்து வியாபாரத்தில் காசு போலவே புழங்கியது. அந்தத் துணி கப்பலேறிய ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு நல்ல நீலக் கட்டிக்கு அலைகிறேன்.

மீதி நூலைப் பிரிப்பதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது. 2024 ஃபெஞ்சல் புயல். அதில் காற்றைவிடத் தண்ணீர்தான். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள், தென்பெண்ணை எங்கள் பக்கம் வரை வந்தது. சுவரில் அந்த மட்டம் இன்னும் தெரிகிறது. அதைத் தைக்கப் போவதில்லை. கடுக்காய் ஊட்டிய துணியின் அடியை மட்டும் கசிம் என்கிற இரும்புத் தண்ணீரில் நிறுத்தி, அது தானாக ஏறி எங்கே நிற்கிறதோ அங்கேயே கறுப்புக் கோட்டை விடப் போகிறேன். வெல்லமும் துருப்பிடித்த ஆணிகளும் பானையில் ஊறுகின்றன, நாற்றம் தாங்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்.

ஒரே தயக்கம், இரும்பு நாளாக ஆக நூலை அரிக்கும். அம்மா சேலையில் இன்னொன்று மிச்சமிருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை. காடாத்துணியில்தான் பார்க்க வேண்டும். கஞ்சி போடாத காடா புதுச்சேரியில் எங்கே மீட்டர் கணக்கில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.