ராம்தேவ்ராவில் தங்கிய மாலை

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் செல்லும் வழியில் பொக்ரான் வருகிறது. நம்மில் பலருக்கு அந்தப் பெயர் 1974, 1998 ஆம் ஆண்டுகளின் அணுகுண்டுச் சோதனைகளால்தான் தெரியும். தார் பாலைவன மக்களுக்கோ, அதன் வடக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள ராம்தேவ்ராதான் பெரிது. அம்மக்கள் தெய்வமாக வணங்கும் பழங்கால மகான் பாபா ராம்தேவ் (இன்றைய யோகா குரு அல்ல) ஜீவசமாதி கொண்ட தலம் அது. ஜெய்சல்மேரில் அறை பதிவு செய்திருந்த நாங்கள், தரிசனத்தை விரைவில் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடும் எண்ணத்தில்தான் அங்கே இறங்கினோம்.

தோமர் ராஜபுத்திர குலத்தில் அஜ்மல் என்பவரின் மகனாகப் பிறந்த பாபாவை, இந்துக்கள் கண்ணனின் அவதாரமாக வணங்குகின்றனர். இஸ்லாமியர்கள் ‘ராமசா பீர்’ என்று போற்றுகின்றனர்; பீர் என்றால் இஸ்லாமிய ஞானி. அவரைச் சோதிக்க மெக்காவிலிருந்து வந்த ஐந்து பீர்கள், தங்கள் சொந்தக் கிண்ணங்களில் அல்லாமல் உண்ண மாட்டோம் என்று கூற, அந்தக் கிண்ணங்களையே அங்கு வரவழைத்து அவர் விருந்து படைத்தார் என்பது தலத்தின் புகழ்பெற்ற வரலாறு. சமாதியைச் சுற்றி இப்போதுள்ள கோயிலை 1931 இல் எழுப்பியவர் பிகானேர் மகாராஜா கங்கா சிங்.

சாலையில் வரும்போதே, கொடியைத் தோளில் சாய்த்தபடி வெறுங்காலுடன் நடந்து வந்த குடும்பங்களைக் கண்டோம். கோயில் வீதிக் கடைகளில் துணிக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைத் துணிக்குள் வைக்கோல் திணித்து, கண்ணுக்குக் கறுப்புத் துணி ஒட்டி, சேணத்துக்குச் சரிகை தைத்திருந்த உள்ளங்கையளவுக் குதிரை ஒன்றை நாங்களும் வாங்கினோம். ஐயனாருக்கு மண்குதிரை வைத்து வணங்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் காணிக்கையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கருவறையில் பட்டும் மலரும் போர்த்திய சமாதியை வணங்கித் திரும்பியபோது, அருகிலேயே டாலி பாயின் சமாதியைக் காட்டினார்கள். ஒடுக்கப்பட்ட மேக்வால் சமூகத்தில் பிறந்த அந்த அம்மையாரைத் தம் உடன்பிறப்பாகவே பாபா ஏற்றுக்கொண்டார்; அவருக்கு முன்பே டாலி பாய் சமாதியடைந்தார் என்பர். நந்தனார் வாசலில் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அரச குலத்தவரும் அந்த அம்மையாரும் ஒரே வளாகத்தில் அருகருகே பூசை பெறுவதைக் கண்டபோது கண்கள் நிறைந்துவிட்டன. அங்கே டாலி பாயின் கங்கணம் எனப்படும் கல்வளையம் ஒன்று உள்ளது. பக்தர்கள் அதற்குள் உடலைக் குறுக்கி நுழைந்து வருகின்றனர்.

வெளியே வந்தபோது வெயில் தணிந்து, மணல்வெளி செம்மஞ்சளாகியிருந்தது. புறப்பட வேண்டிய அந்த நேரத்தில்தான் தாளச் சத்தம் கேட்டது. காமட் சமூகப் பெண்கள் சிலர் தரையில் காலை நீட்டி அமர்ந்து ‘தேரா தாலி’ ஆடத் தொடங்கியிருந்தனர். வலக்காலில் பாதம் முதல் முழங்கால்வரை ஒன்பது மஞ்சீராக்கள் எனப்படும் சிறு தாளங்கள், முழங்கைகளில் இரண்டு, கைகளில் இரண்டு என ஒருவருக்குப் பதின்மூன்று. கைத்தாளத்தைக் கயிற்றில் வீசிக் காலிலுள்ள தாளங்களை வரிசை தப்பாமல் தட்டி எழுப்புகின்றனர். எனக்கு எதிரே இருந்த மூதாட்டி ஒருமுறைகூடத் தம் காலைப் பார்க்கவில்லை. முகம் முழுவதும் சன்னதியை நோக்கியே இருந்தது. பின்னால் ஆண்கள் தம்பூராவை மீட்டிப் பாபாவின் பெருமையைப் பாடினர். மொழி புரியவில்லை; ஆனால் பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் கூட்டத்தோடு சேர்ந்து நாங்களும் பாபாவின் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தோம்.

என் மனைவி, “இன்றைக்கு இங்கேயே இருந்துவிடலாங்க” என்றாள். நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். தர்மசாலையில் இடம் கிடைத்தது. ஜெய்சல்மேர் விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மீண்டும் அந்தக் கூட்டத்தில் போய் அமர்ந்தோம். பாட்டு நின்றபோது நெடுநேரமாகியிருந்தது.

ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் பாத்ரபத வளர்பிறையில் இங்கு பெருந்திருவிழா. பல மாநிலங்களிலிருந்து மக்கள் நடந்தே வருவதால் நெரிசல் மிகுதி. நிதானமாக வணங்க விரும்புவோர் குளிர்காலத்தில் செல்லலாம். மாலை ஆரத்திக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். அன்றிரவுக்கு வேறு ஊரில் அறை பதிவு செய்யாதீர்கள்.