இலை இன்னும் கப்பலில் இருக்கிறது

இராயபுரத்தில், துறைமுகச் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கிடங்கில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கையால் சுற்றப்பட்ட உயர்தரச் சுருட்டுகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்து, நட்சத்திர விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பும் நிறுவனம் அது. சரக்கு சுங்கத்தைக் கடந்து வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பத்துச் சுருட்டுகளை எடுத்து, பார்த்து, தொட்டு, புகைத்து, தரம் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த வேலை முழுவதும் நாக்கில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் அதில் சேர்ந்தேன்.

அந்த நினைப்பு 2014ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கலைந்தது. நிகரகுவாவிலிருந்து ரொபஸ்டோ அளவுச் சுருட்டுகள் வந்திருந்தன. நீளம் 5 அங்குலம். பருமன் 50, அதாவது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு. பெட்டி கிடங்குக்குள் வந்த அன்று மாலையே மூன்றை அடுத்தடுத்துப் பற்றவைத்தேன். மூன்றிலும் புகை இழுக்க வரவில்லை, நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடியது, கசப்பு அடிநாக்கில் தங்கியது. தொகுதியைத் திருப்பி அனுப்பலாம் என்று அறிக்கை எழுதி முதலாளியின் மேசையில் வைத்துவிட்டேன்.

எங்கள் கிடங்கில் பெட்டிகளைப் பராமரித்த பெரியவர் உறையூர்க்காரர். சிறுவயதிலேயே சுருட்டுப் பலகைக்கு முன் உட்கார்ந்து திண்டுக்கல் புகையிலையைச் சுற்றப் பழகியவர்; மகள் வீட்டோடு இருக்கலாம் என்று கல்மண்டபத்துக்கு வந்தவர். அவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, காதோரம் வைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல அழுத்தி உருட்டினார்.

“சத்தமே இல்லையே தம்பி. இலை இன்னும் கப்பல்லயே இருக்கு. அதுக்குள்ள ஏன் அவசரப்பட்டீங்க?”

“பெட்டி வந்துடுச்சே ஐயா” என்றேன்.

“பெட்டி வந்துடுச்சு. இலை வரலை.”

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகு விளங்கியது. சுருட்டுக்கு உகந்த காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காடு. மழைக்காலத்தில் எங்கள் கடலோரக் காற்று அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். ஈரம் குடித்த இலை உப்புகிறது. உப்பினால் உள்ளே காற்று போகும் வழி அடைபடுகிறது. பாதி நெருப்பு ஈரத்தை உலர்த்துவதிலேயே செலவாகிவிடுவதால் புகை கசக்கிறது. நான் எழுதிய அறிக்கை பயணத்தைப் பற்றியது, சுருட்டைப் பற்றியது அல்ல.

மீதி ஏழையும் குளிரறையில் தேவதாரு மரத்தட்டில் பரப்பி வைத்தோம். சௌகார்பேட்டையில் வாங்கிய நகைத் தராசில் அவற்றுள் ஒன்றை நாள்தோறும் நிறுத்து எழுதும்படி பெரியவர் சொன்னார். முதல் நாள் 12.8 கிராம். இருபத்தோராம் நாள் 12.2 கிராம், அதன் பிறகு எடை அசையவில்லை. விரலில் உருட்டியபோது, காய்ந்த வாழைச்சருகை மடக்கினால் வருமே, அதில் பாதி அளவுக்கு ஒரு சத்தம் வந்தது.

சுருட்டைப் பற்றவைக்கும் முன்பே பாதி மதிப்பீடு முடிந்துவிட வேண்டும் என்பதை அந்த மூன்று வாரங்களில்தான் கற்றுக்கொண்டேன். முதலில் மேல் இலையின் நரம்புகளையும் எண்ணெய்ப் பளபளப்பையும் பார்க்கிறோம். பிறகு வாயில் வைக்கும் முனையான தலையிலிருந்து நெருப்பு வைக்கும் முனையான கால்வரை விரலால் தடவி, எங்காவது பள்ளமோ கட்டியோ தட்டுப்படுகிறதா என்று தேடுகிறோம். தலையைச் சிறிதளவு வெட்டி, நெருப்பு வைக்காமலேயே காற்றை இழுத்துப் பார்க்கிறோம். நல்ல சுருட்டு அப்போதே வைக்கோல், கொக்கோ, பழைய மரப்பெட்டி என்று ஏதோ ஒன்றை வாயில் விட்டுச் செல்லும். பற்றவைத்த பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் நெருப்பு சூடேறி எல்லாச் சுருட்டும் ஒரே கசப்பாகிவிடும். புகையை நெஞ்சுக்குள் வாங்காமல், சிறிதளவு மட்டும் மூக்கின் வழியே விட வேண்டும். மிளகும் மண்ணும் இனிப்பும் பிரிந்து தெரிவது அங்கேதான். உள்ளே செடியின் உச்சியில் விளைந்த லிகெரோ இலையை நடுவில் வைத்துத்தான் சுற்றுவார்கள். அது காரமானது, மெதுவாக எரிவது. நடுவிலிருந்து விலகியிருந்தால் நெருப்பு அந்தப் பக்கம் பின்தங்கி நிற்கும்.

இந்தத் தொழிலின் ஆங்கிலச் சொற்களில் ஒன்றான ‘செரூட்’ நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனது என்று பெரியவரிடம் ஒருமுறை சொன்னபோது, அவர் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் தீங்கில்லை என்று யாரும் கருத வேண்டாம். சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே உடலில் ஏறுகிறது. வாய்ப்புற்று நோய்க்கும் அந்தப் புகை நேர்வழி. முதல் நாள் பற்றவைத்த அந்த மூன்றுக்குப் பிறகு, நாளுக்கு இரண்டுக்கு மேல் நான் சுவைத்ததில்லை. ஆண்டுதோறும் வாயைப் பரிசோதித்துக்கொண்டேன். என் மகனைக் கிடங்குப் பக்கம் வரவிட்டதே இல்லை.

ஏழில் ஐந்து அருமையாக எரிந்தன. மற்ற இரண்டும் மூன்று வாரம் கழித்தும் இழுக்க வரவில்லை. அவற்றைப் பிளேடால் நெடுக்காகக் கீறிப் பிரித்தோம். தலையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, உள் இலை ஒன்று கயிறு போல முறுகிக் கிடந்தது. அது சுற்றியவர் கையின் பிழை. அதை அப்படியே எழுதினேன், பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரும் இரண்டாம் நாளே நின்றது. ஆறாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, மேல் இலையில் குண்டூசி குத்தியது போல ஒரு துளையும், அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தன. புகையிலை வண்டு. வெப்பம் ஏறினால் இலையில் உறங்கும் முட்டை பொரிந்துவிடும். கடுங்குளிர் அதற்கு மருந்து. காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் நண்பரின் உறைகிடங்கில் இடம் கேட்டு, பெட்டிகளை இரண்டு அடுக்கு பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் மூடி, பூச்சியம் டிகிரிக்குக் கீழே 20இல் ஐந்து நாள் வைத்தோம். நேரே வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும் என்பதால் ஒரு நாள் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்திருந்தே கிடங்குக்குக் கொண்டுவந்தோம்.

பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் பெரியவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நானும் முகர்ந்தேன். மீன் வாடை இல்லை. மரத்தின் மணமும், அதற்கு அடியில் லேசாக இலையின் மணமும்தான் இருந்தன. முதலாளி ஒன்றைப் பற்றவைத்துப் பார்க்கச் சொன்னார். நான் தராசை எடுத்து வைத்தேன்.