தம்பியின் இதயத்தில் வால்வு திறந்த நாள்

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. காய்ச்சல் என்று படுத்த தம்பிக்கு ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. ராமநாதபுரம் போனோம், அங்கிருந்து மதுரை. வைரஸ் தொற்றில் இதயத் தசையே வீங்கிவிட்டது என்றார்கள். மருந்துக்கு ரத்த அழுத்தம் ஏறாததால் அன்றிரவே எக்மோ பொருத்தினார்கள்.

தொடைச் சிரையில் ரத்தத்தை எடுத்து, பிராணவாயு சேர்த்து, தொடைத் தமனியில் திருப்பி அனுப்பும் கருவி அது. தம்பியின் முகத்தில் களை திரும்பியது. பிழைத்துக்கொண்டான் என்றே அம்மா அழுதார்.

மறுநாள் காலை மானிட்டரில் அழுத்தம் 65 என்று எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் சிவப்புக் கோட்டில் அலையே இல்லை. வரப்புப் போல நேராக ஓடியது. மூச்சுக்குழாயில் இளஞ்சிவப்பு நுரை.

டாக்டர் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன் திரையைக் காட்டினார். கருவி அனுப்பும் ரத்தம் கீழிருந்து இதயத்தை எதிர்த்து ஏறுகிறது. சோர்ந்துபோன இடது கீழறையால் அதை மீறி, பெருந்தமனி வாசலில் உள்ள வால்வைத் திறக்க முடியவில்லை. உள்ளே வந்த ரத்தம் தேங்கி அறை உப்புகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. தேங்கியது உறைந்தால் ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம்.

அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார்: "பாம்பன் பாலத்தடியில் நீரோட்டத்துக்கு எதிரே துடுப்புப் போடுகிற மாதிரி."

"அதேதான் ஐயா" என்றார் டாக்டர்.

கருவியின் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, துடிப்புக்கு மருந்தைக் கூட்டினார்கள். போதவில்லை. இடது அறையிலிருந்தே ரத்தத்தை உறிஞ்சித் தள்ளும் இம்பெல்லா என்ற சின்ன பம்ப் பற்றியும் பேச்சு வந்தது. முதலில் பலூன் பம்ப் வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. மற்றத் தொடை வழியாகப் பெருந்தமனிக்குள் போகும் நீளமான பலூன். ஹீலியம் நிரம்பி விரியும். இதயம் சுருங்கும் நொடியில் சுருங்கி, எதிர்ப்பைக் குறைத்து ரத்தத்துக்கு வழிவிடும்.

கோட்டில் அலை வந்ததும் நான் கைகூப்பிவிட்டேன். அது பலூன் எழுப்பும் அலை, தம்பியுடையது அல்ல என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார். அதனால்தான் இப்படி நோயாளியை வைத்துக் காத்திருப்பவர்களிடம் சொல்கிறேன்: அழுத்தம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். வால்வு திறக்கிறதா, நுரையீரல் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

நான்காம் நாள் இரண்டு துடிப்புக்கு ஒருமுறை மட்டும் பலூனை விரியவிட்டார்கள். இடையில் சின்னதாக ஓர் அலை எழுந்தது. அது அவனுடையது. எக்கோவில் வால்வின் இதழ்கள் மெல்லப் பிரிந்து மூடுவதை நானே பார்த்தேன். ஆறாம் நாள் எக்மோவை எடுத்தார்கள், எட்டாம் நாள் பலூனை.

ஆறு மாதம் கடலுக்குப் போகக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசல்களைத் தைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த எக்கோ வருகிற செவ்வாய்க்கிழமை.